மூன்று படத்துக்கு மட்டும் பேசிய பலகை

பொம்மைக் கடையில் காசு கொடுப்பவர் ஐந்தடி உயரம் இருப்பார், அந்தப் பொம்மையோடு குடும்பம் நடத்தப் போகிறவர் இரண்டடிதான் இருப்பார். நடுவே உள்ள மூன்றடியில்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது. பாடும் பேனா, எழுத்துச் சொல்லும் பலகை, கேள்வி கேட்கும் கரடி என்று பேட்டரியில் ஓடும் எதையாவது பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, அன்றிலிருந்து வீட்டில் நிம்மதியாகச் செய்தி கேட்க முடியாமல் தவிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் தனியாக இல்லை.

இருபத்தைந்து வருடம் ஒரு நாளிதழுக்கு ஏற்காட்டுச் செய்தி அனுப்பினேன். மலர்க் கண்காட்சி, மலைப்பாதையில் பாறை சரிவு, தோட்டத்தில் காட்டெருமை. போதும் என்று தோன்றியபோது பஸ் நிலையத்துக்கு எதிரே இந்தக் கடையைப் போட்டேன். உதவிக்கு ரெஜினா இருக்கிறார். உதவி என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். கடையை நடத்துவது அவர்தான்.

ஹாரன்

அடிவாரத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஜீப் ஓட்டுகிறவர் ஒருவர், ஒன்றரை வயது மகளுக்குப் பொம்மை கேட்டு வந்தார். கடையிலேயே அதிகச் சத்தம் போடும் சிவப்பு ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார். திருப்பினால் ஆங்கில எழுத்து சொல்லும், நடுவில் அமுக்கினால் ஹாரன். நான் எல்லோருக்கும் சொல்கிற மூன்றை அவருக்கும் சொன்னேன்: சத்தத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா, பேட்டரி மூடிக்குத் திருகாணி இருக்கிறதா, சும்மா விட்டால் தானாக அணைகிறதா. முதலாவது இந்தப் பொம்மையில் இல்லை என்றும் சொன்னேன். "சத்தம் இருந்தாத்தானுங்க புள்ளைக்குச் சந்தோசம்" என்று வாங்கிப் போனார்.

மூன்றாம் நாள் கடை வாசலில் ஜீப் நின்றது. இன்ஜினைக்கூட அணைக்காமல் இறங்கி வந்தார். ரெஜினா ஒன்றும் கேட்காமல் ஸ்பீக்கர் ஓட்டையின் மேல் இரண்டு சுற்று டேப் ஒட்டிக் கொடுத்தார். சத்தம் பாதியாகக் குறைந்தது. வண்டியில் ஏறும்போது அவர் சொன்னார்: "இருபது கொண்டை ஊசி வளைவுலயும் சேத்து நான் அடிக்கற ஹாரன, எம் புள்ள ஒரு வாய் சோறு திங்கறதுக்குள்ள அடிச்சுப்புடுதுங்க!"

பேச வைக்கிற பொம்மை

மார்ச் மாதம் ஸ்டெல்லா வந்தார். கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் வேலை. இடுப்பில் மூன்று வயது தாண்டிய மகன் ஜோயல். பையன் எல்லாப் பொம்மையையும் கண்ணால் அளந்தான், விரலால் காட்டினான், வாயை மட்டும் திறக்கவில்லை.

"பேசற பொம்மை நெறைய வச்சிருக்கீங்க. பேச வைக்கிற பொம்மை இருக்குதுங்களா?" என்று கேட்டார். சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறார்கள். காது நன்றாகக் கேட்கிறது, வீட்டில் அவனோடு நிறையப் பேசுங்கள், பிறகு மறுபடி பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். "ஜூன்ல பள்ளிக்கூடத்துல உடோணும். ஒன்னுக்கு வருதுன்னு சொல்லக்கூடத் தெரியாதுங்க இவனுக்கு. அழுதுட்டே நனைச்சுட்டு நிப்பான். மத்த புள்ளைங்க சிரிக்குமல்லங்க?"

எந்தப் பொம்மையும் பிள்ளையைப் பேச வைக்காது என்று உள்ளதைச் சொன்னேன். அவர் நகரவில்லை. கடைசியில் ஒரு படப் பலகையை எடுத்தேன். இருபத்து நான்கு படங்கள். எதை அமுக்கினாலும் அதன் பெயரைத் தமிழில் சொல்லி, அதன் சத்தத்தையும் போட வேண்டும். மாடு, நாய், பூனை என்று முதல் மூன்றையும் அமுக்கிக் காட்டினேன். பேசியது. சரி என்று கட்டிக் கொடுத்தேன். வீட்டில் அவன் அப்பாவும் இவனிடம் நிறையப் பேச வேண்டும் என்று சொல்லிவைத்தேன். ஸ்டெல்லா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்: "அவருங்களா? மாதா கோயில்ல கலியாணத்தன்னிக்குச் சாமியார் கேட்டப்ப 'சம்மதம்'னாரு. அதுக்கப்புறம் பெருசா ஒன்னும் சொல்லலைங்க."

யார் தோட்டத்துப் பழம்

இது சின்னது. பழங்களின் பெயர் சொல்லும் பேசும் அட்டைகள் என்று ஒரு பெட்டி வந்தது. மலை விவசாயி ஒருவரின் மனைவி, தன் மகளை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அட்டையாகப் புரட்டினார். கிவி, செர்ரி, புளூபெர்ரி. அந்தக் குழந்தை நடந்து போகிற வழியெல்லாம் பலாவும் கொய்யாவும் ஆரஞ்சும்தான். பெட்டியை மூடி என் பக்கம் தள்ளினார்: "ஏனுங்க, எங்கூட்டுப் புள்ளைக்கு எங்கூட்டுப் பழத்தச் சொல்லித் தராத பொட்டி, யாரு ஊட்டுப் பழத்தச் சொல்லித் தருது?"

அன்றிலிருந்து பெட்டியைப் பிரித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் சரக்கு எடுக்கிறேன்.

மூடிக்குள் ஒரு சுவிட்ச்

ஸ்டெல்லா வாங்கிப் போன இரண்டு வாரத்தில் அதே படப் பலகை புதிதாக நான்கு வந்தன. பார்வைக்கு வைக்க ஒன்றைப் பிரித்த ரெஜினா, பேட்டரி மூடியைக் கழற்றியவுடன் நின்றுவிட்டார். உள்ளே நகம் அளவுக்கு ஒரு சுவிட்ச். ஒரு பக்கம் தள்ளினால் டெமோ, மறுபக்கம் தள்ளினால் முழு விளையாட்டு. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் அமுக்கி அமுக்கிப் பேட்டரி தீர்ந்துபோகாமல் இருக்க, டெமோவில் முதல் மூன்று படம் மட்டும்தான் பேசும். விற்கும்போது கடைக்காரன் மாற்றிக் கொடுக்க வேண்டும்.

ஸ்டெல்லாவுக்கு நான் கொடுத்தது அலமாரியில் பார்வைக்கு இருந்த பலகை. அன்று அது ஒன்றுதான் மிச்சம். அமுக்கிப் பார்த்ததும் முதல் மூன்று படத்தை மட்டும். பேசாத பிள்ளைக்கு, இருபத்தொரு இடத்தில் பேசாத பொம்மையைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். ஜூனுக்கு இரண்டே மாதம். அந்தப் பெண் தினமும் அமுக்கி, அமுக்கி, பிள்ளையைப் போலவே பொம்மையும் ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். அவர் போன் நம்பரும் என்னிடம் இல்லை. ரெஜினா மூடியைத் திருகிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "ஏனுங்கண்ணா, இருபத்தஞ்சு வருசம் அடுத்தவன் தப்பப் பத்தி எழுதுனீங்களே, இத எந்தப் பக்கத்துல போடுவீங்க?"

கண்டக்டர் கொண்டுவந்த பதில்

எங்கள் மலையில் கடிதத்தைவிட வேகமாகப் போவது கண்டக்டரிடம் சொல்லி அனுப்பும் செய்தி. கொட்டச்சேட்டு பஸ் கண்டக்டரிடம் விவரம் சொன்னேன்: ஸ்டெல்லா, எஸ்டேட் வேலை, பையனுக்கு மூன்று வயது, இன்னும் பேச்சு வரவில்லை, பொம்மையை எடுத்துக்கொண்டு ஒருமுறை கடைக்கு வரச் சொல்லுங்கள்.

ஒரு வாரம் பதில் இல்லை. அடுத்த வாரமும் இல்லை. நானும் மதிய பஸ் வரும் நேரத்துக்கெல்லாம் வாசலில் போய் நின்றேன். ஒருநாள் வண்டியைத் திருப்பும்போது படியில் தொங்கியபடியே அவர் கத்தினார்: "சார், அங்க மூணு ஸ்டெல்லா இருக்காங்க. பேசாத பையன் யாரு ஊட்லன்னு கேட்டேன். அப்படிப் பையனே எங்கூர்ல இல்லைங்கறாங்க!"

ஊரை நான்தான் தப்பாகக் கேட்டு வைத்திருக்கிறேன் என்று நினைத்தேன். அன்று முழுக்க எனக்கு வியாபாரம் ஓடவில்லை.

மீதி இருபத்தொன்று

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மூன்று பேர் கடைக்குள் வந்தார்கள். ஸ்டெல்லா, அவர் கணவர் அந்தோணி, தரையில் தானே நடந்து வந்த ஜோயல். கண்டக்டர் சொன்ன செய்தி சுற்றி வளைத்து அப்போதுதான் போய்ச் சேர்ந்திருந்தது. நான் அவசரமாக மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். ஜோயல் அலமாரியைப் பார்த்து, "அப்பா, வண்டி" என்றான். என் மன்னிப்பு பாதியில் நின்றது. பேசாத பையனே ஊரில் இல்லை என்று கண்டக்டரிடம் சொன்னது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

"நீங்க எதுக்குங்க சங்கடப்படறீங்க?" என்றார் ஸ்டெல்லா. "செபமாலையில முன்பாதிய ஒருத்தர் சொன்னா, பின்பாதிய மத்தவங்கெல்லாம் சேந்து சொல்லுவமல்லங்க? மொத மூணு அது சொல்லும், மிச்சம் ஊட்ல இருக்கறவங்க சொல்லோணும்னு நெனச்சுக்கிட்டோம். மாடு, நாய், பூனை அது சொல்லும். மீதி இருபத்தொன்னும் நாங்க. தெனம் செபம் முடிஞ்சதும் உக்காந்துக்குவோம்."

ஸ்டெல்லாவுக்கு அடுப்பு வேலை இருக்கும் என்பதால் சத்தம் போடும் பொறுப்பு அந்தோணிக்கு வந்திருக்கிறது. தவளை, யானை, ரயில் எல்லாம் அவர்தான். ஒரு படம் மட்டும் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. மூன்று நாள் யோசித்துவிட்டு அதற்கு 'பெரிய எலி' என்று பெயர் வைத்து, எழுந்து நின்று குதித்தும் காட்டியிருக்கிறார். ஜோயல் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "எலி" என்றானாம். அதுதான் முதல் வார்த்தை. இப்போது பதினெட்டு வார்த்தை ஆகிறது. இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்வது எப்போதாவதுதான். ஆனால் "ஒன்னுக்கு" என்று தெளிவாகச் சொல்கிறான்; கடையில் இருந்தபோதே ஒருமுறை சொன்னான், ரெஜினா ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்துவிட்டார். சேலத்து டாக்டரை ஜூனுக்கு முன்னால் மறுபடி பார்க்கப் போகிறார்கள்.

பலகையை வாங்கி அந்தப் படத்தைப் பார்த்தேன். அது கங்காரு என்று அந்தோணியிடம் சொன்னேன். அவர் அதைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இருக்கட்டுங்க. எங்கூட்ல அது எலிதானுங்க" என்றார்.

என் தவறை இப்போதாவது சரி செய்யலாம் என்று திருப்புளியை எடுத்தேன். ஒரு சுவிட்ச்தான், தள்ளினால் இருபத்து நான்கும் பேசும் என்றேன். ஸ்டெல்லா பலகையைச் சட்டென்று என் கையிலிருந்து வாங்கி, துணிப்பைக்குள் வைத்துக்கொண்டார்: "ஐயோ, வேண்டாங்க சார், அது பேச ஆரம்பிச்சுதுன்னா இவரு நிறுத்திப்புடுவாரு!"

பொம்மை வாங்க அலையும் பெற்றோரே, இத்தனை வருடத்தில் நான் விற்றதிலேயே உருப்படியான கல்விப் பொம்மை, எட்டில் ஒரு பங்கு வேலையை மட்டும் பார்த்துவிட்டு மிச்சத்தை வீட்டில் இருப்பவர்கள் தலையில் கட்டியதுதான், அதையும் நான் கவனக்குறைவாகத்தான் விற்றேன்.