அருள்ராஜ் கை

என் வாய் சும்மா இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அதை நானே முதலில் ஒத்துக்கொண்டு விடுகிறேன். பிறகு யாரும் வந்து எனக்குக் குத்திக்காட்ட வேண்டாம்.

ஆரணியில் வேலூர் ரோட்டில் எனக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடை. பக்கத்துக் கடை அருள்ராஜுடையது. கார், வேன், ஜீப்புக்குச் சீட்டு தைக்கிற கடை. இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான் சுவர். அவன் அங்கே தும்மினால் நான் இங்கே 'நூறு' என்பேன். அவ்வளவு நெருக்கம்.

அருள்ராஜ் சென்னை புதுப்பேட்டையில் வேலை கற்றவன். தொண்ணூற்று மூன்றில் பெரணமல்லூர்ப் பக்கத்துப் பெண் எழிலரசியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து கடை போட்டான். இரண்டே வருடத்தில் போளூரிலிருந்தும் செய்யாறிலிருந்தும் வண்டிகள் தேடி வர ஆரம்பித்தன. "இது அருள்ராஜ் கை" என்று டிரைவர்கள் சீட்டைத் தட்டிக் காட்டுவார்கள். எழிலரசிக்கு அந்தக் கடையில் ஒரே ஒரு வேலைதான். பழைய சீட்டின் தையலை பிளேடு வைத்துப் பிரிக்க வேண்டும். ஒன்பது வருடம் பிரித்தாள். எந்தத் துண்டு எதோடு சேருகிறது, எங்கே மடிப்பு விடுகிறார்கள், எங்கே இழுத்துப் பிடிக்கிறார்கள் என்று பிரித்துப் பிரித்தே தெரிந்துகொண்டாள். யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அவளும் யாரையும் கேட்கவில்லை.

2002இல் அருள்ராஜின் வலது கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் டீ கிளாஸ் தளும்பியது. அப்புறம் கத்திரி கோட்டை விட்டு விலகியது. வேலூருக்குப் போய்க் காட்டினான். நரம்பு என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள், நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. அன்றிலிருந்து வெட்டுவதும் தைப்பதும் எல்லாமே எழிலரசிதான். கடைக்குப் பின்பாதியில் ஒரு திரையைக் கட்டி, அதற்குப் பின்னால் மெஷினைப் போட்டுக்கொண்டாள். அவன் முன்னால் உட்கார்ந்து, கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடம் பேசுவான். ஊருக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும், தடுப்பில் ஆணி விழுந்த ஓட்டை ஒன்று இருந்தது.

மனசு கேட்காமல் ஒருநாள் அவளிடமே கேட்டுவிட்டேன். "எத்தினி நாளைக்கும்மா இப்பிடி மறைச்சிகினு இருப்ப?"

"அவுருக்கு மிச்சம் இருக்கறது அந்தப் பேரு ஒண்ணுதாண்ணா. அதுவும் போச்சுன்னா மனுசன் எழுந்து நடமாட மாட்டாரு. நீங்க யார்கிட்டயும் வாயத் தொறக்கக் கூடாது."

சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். என் வாயைப் போய் நம்பினாள் பாருங்கள்.

2005 ஆவணி மாதம். எங்கள் சொந்தக்காரன் தனசேகரன் ஒரு கார் வாங்கினான். பட்டு வியாபாரி, முள்ளிப்பட்டில் பாதித் தறிகளுக்கு அவன்தான் வேலை கொடுக்கிறான். வாங்கினது சாதாரணக் கார் இல்லை. இரண்டே கதவு, தரையோடு தரையாக ஓடுகிற ரேஸ் மாடல், கருநீலம். அதன் பேர் என் வாயில் நுழையவில்லை. தங்கை தேவிப்ரியாவுக்குப் பன்னிரண்டு நாளில் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த வண்டியில்தான் மாப்பிள்ளையை உட்கார வைப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

அதை அப்படியே ஓட்டியிருக்கலாம். ஆனால் அவன் ஒரு பேப்பர் நிறைய எழுதிக்கொண்டு வந்துவிட்டான். பின்னால் பெரிய ரெக்கை, அடியில் நீல நியான் லைட்டு, பக்கவாட்டில் நெருப்பு எரிகிற ஸ்டிக்கர், ஏழு சுரம் பாடுகிற ஹாரன், கண்ணாடிக்குக் கறுப்பு பிலிம், கர்ஜிக்கிற சைலன்சர், அகல அலாய் வீல், உள்ளே புலித்தோல் டிசைனில் சீட்டு.

"சூப்பர் தனசேகரா! எல்லாம் நானே எறக்கித் தரேன்" என்றேன். பொய் சொல்லவில்லை, எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

அருள்ராஜ் பேப்பரை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தான். "ரெக்கை" என்றான். திரைக்குப் பின்னால் மெஷின் 'டர்ர்ர்' என்று நீளமாக ஓடியது. வேண்டாம் என்று அர்த்தம். அவனும் அப்படியே தலையை ஆட்டினான். "நியான் லைட்டு" என்றான். மறுபடியும் டர்ர்ர். ஸ்டிக்கருக்கு ஓடிய ஓட்டத்தில் ஊசியே உடைந்திருக்கும். அலாய் வீலுக்கு மட்டும் டக் டக் என்று இரண்டு தட்டு. அது சரி என்கிற அர்த்தம். மூன்று வருடமாக அவர்களுக்குள் இருந்த பாஷை அது. தனசேகரனுக்கு மெஷின் சத்தம்தான் கேட்டது. எனக்கோ என் வியாபாரம் ஒவ்வொன்றாக மண்ணில் விழுகிற சத்தம் கேட்டது.

"இன்னாப்பா எல்லாத்துக்கும் தலைய ஆட்டுற? காசு குடுக்கறவன் நான்" என்று தனசேகரன் எகிறினான்.

அருள்ராஜ் சாம்பிள் எடுக்கிற சாக்கில் உள்ளே போனான். அவள் கிசுகிசுத்தது திரையோரம் நின்ற எனக்கு நன்றாகவே காதில் விழுந்தது. அவன் வெளியே வந்து அதையே தன் வாயால் சொன்னான். "மொதலாளி, ஒடம்பு பூரா புட்டா, ரெண்டு பக்கமும் அகலக் கரை, முந்தியில யானை, மயிலு, அன்னம் எல்லாம் போட்டு ஒரு சேல நெஞ்சா உங்க கடையில யாருக்கு விப்பீங்க?"

தனசேகரன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தான். "எவளும் தொட மாட்டா" என்று கடைசியில் ஒத்துக்கொண்டான்.

"கருநீலம் ஒடம்பு. அது ப்ளெயினாவே இருக்கட்டும். உள்ள சீட்டு அரக்குல போட்டுக்கலாம், நெஜத் தோலு. சன்னக் கரை மாதிரி ஒரே ஒரு தையலு மாம்பழ மஞ்சள்ல ஓடட்டும். வீலு மட்டும் மாத்துங்க. சைலன்சர்ல கை வெக்காதீங்க, கல்யாண மண்டபத்துல கொழந்தைங்க பயந்துடும்."

பட்டுக்காரனுக்குப் பட்டு பாஷையில் சொன்னால் புரியாமல் போகுமா? முகம் மலர்ந்துவிட்டது. அரக்கு நூல் ஒரு கண்டு கொடுத்து, ஆம்பூரில் அதே நிறத்துக்குத் தோல் சாயம் ஏற்றி வாங்கிக்கொண்டு வருகிறேன் என்றான். ஒரே சாயத்தில் நான்கு முழுத் தோல் கிடைக்கும், கல்யாணத்துக்குள் ஐந்தாவது கிடைக்காது என்றும் சொன்னான்.

அத்தோடு அவன் கிளம்பியிருப்பான். எனக்குத்தான் பொறுக்கவில்லை. ரெக்கை போச்சு, லைட்டு போச்சு, ஹாரன் போச்சு. அந்த எரிச்சலில் பெரிய மனுஷன் மாதிரி நடுவில் புகுந்தேன். "தனசேகரா, தறியில சேல அறுக்கறப்ப மொதலாளி பக்கத்துல நிக்காம நம்ம வூட்ல கத்திரி வெப்பாங்களா? நாலே தோலு வாங்குற. நீ நின்னு வெட்டச் சொல்லு."

"கரெக்டுண்ணா!" என்று என் தோளைத் தட்டினான். "அருளு, வெள்ளிக்கெழம ராகு காலத்துக்கு முன்னாடி வரேன். என் கண்ணெதிர உன் கையால கத்திரி வெக்கணும். தெரிஞ்சிதா?"

உள்ளே மெஷின் நின்றுவிட்டது. அப்போதுதான் நான் என்ன சொல்லித் தொலைத்தேன் என்று எனக்கே உறைத்தது. அருள்ராஜ் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

அடுத்த மூன்று நாளும் அவன் ரெக்சின் துண்டுகளில் கோடு போட்டு வெட்டிப் பார்த்தான். ஒன்றுகூட நேராக வரவில்லை. துண்டுகள் காலடியில் குவிந்தன. கையில் கட்டுப் போட்டுக்கொள், விழுந்துவிட்டேன் என்று சொல் என்றேன். "அடுத்த வண்டிக்கு இன்னா சொல்றது? அதுக்கு அடுத்த வண்டிக்கு?" என்று எழிலரசி என் மேல் பாய்ந்தாள். பாயட்டும். எனக்கு வேண்டியதுதான்.

அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். தோலின் ஓரம் எப்படியும் கழிவுதான். அந்த ஓரத்தில் சாக்பீஸ் கோடு போட்டு வைப்பது, அவன் அங்கே கத்திரி வைத்து நாலு விரல் வெட்டுவது, தனசேகரன் திருப்தியாகிப் போய்விடுவான். கோணலாக வந்தாலும் ஒன்றும் கெடாது. கேட்டதும் எனக்கு உயிர் வந்தது.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்குத் தனசேகரன் வந்தான். தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஒரு ஜரிகை வேட்டி. தோலை மேஜையில் விரித்தோம். அரக்கு என்றால் அப்படி ஒரு அரக்கு. அருள்ராஜ் சாமி கும்பிட்டுவிட்டுக் கத்திரியை எடுத்து ஓரத்துக்குப் போனான். எழிலரசி திரைக்கு இந்தப் பக்கம் வந்து சும்மா நிற்கிற மாதிரி நின்றாள்.

"இரு இரு. அது ஓரம் ஆச்சே" என்றான் தனசேகரன். பிறந்ததிலிருந்து துணியையே பார்த்து வளர்ந்தவன் கண் அது, ஏமாற்ற முடியுமா? "கழிவுல கத்திரி வெச்சி எனக்கு இன்னாத்துக்கு? டிரைவர் சீட்டு வெட்டு. நடுவுல இருந்து வெட்டு."

"தனசேகரா, டீ சொல்றேன் வா, வீலு வந்து எறங்கியிருக்குது, ஒரு பார்வை பாத்துடு" என்று என்னென்னவோ உளறினேன். அவன் அசையவில்லை. மணி பத்து. இன்னும் அரை மணியில் ராகு காலம்.

அருள்ராஜ் தோலின் நடுவுக்கு வந்தான். கத்திரியின் முனை சாக்பீஸ் கோட்டின் மேல் குதித்தது. டக், டக், டக். தோலில் நகக்கீறல் மாதிரி ஒரு சின்னக் கோடு விழுந்தது. அவன் நெற்றியெல்லாம் வேர்வை. எழிலரசி ஒரு கை நீட்டினால் கத்திரி அவளிடம் வந்துவிடும். அவள் நீட்டவில்லை. இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"நீங்க வெட்டுங்க" என்றாள் மெதுவாக. "போனா போகுது. வெட்டுங்க."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். நாலு தோலும் பாழாகட்டும், கடையே போகட்டும், அவனை நாலு பேர் முன்னால் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்பது அவனுக்கு அந்த நிமிடத்தில் புரிந்திருக்க வேண்டும். கத்திரியை மேஜை மேல் வைத்துவிட்டான்.

"மொதலாளி, என் கை போயி மூணு வருசம் ஆச்சுங்க. இவதான் எல்லாம். உங்க பழைய வண்டிக்குத் தெச்சதும் இவதான்."

தனசேகரன் முகம் கறுத்தது. "அப்போ ஊரையே ஏமாத்திகினு இருந்தியா? உன் கைன்னு சொல்லித்தானே நான் பத்து பேர இங்க அனுப்பினேன்?" என்று கத்தினான். "தோல சுருட்டு. வண்டிய எடுத்துகினு நான் சென்னைக்கே போறேன்."

எனக்கு வந்ததே கோபம்! "உன் கடையில அடுக்கி வெச்சிருக்கியே, அந்தச் சேலயெல்லாம் நீயா நெஞ்ச? முள்ளிப்பட்டுல எவனோ நெய்யறான், அவன் பொண்டாட்டி நூலு சுத்தறா. பேரு மட்டும் உன் கடைப் பேருதானே டப்பா மேல இருக்குது? பெருசா பேச வந்துட்டான்!"

அவன் பதில் சொல்ல வாயெடுத்தபோது கரக் என்று சத்தம் கேட்டது. எழிலரசி வெட்ட ஆரம்பித்துவிட்டாள். யாரையும் கேட்கவில்லை. வளைவில் தோலைத் திருப்பினாளே தவிர கத்திரியை நிறுத்தவில்லை. அருள்ராஜ் போட்ட கீறலைக் கழிவில் தள்ளிக் கோட்டை ஒரு விரல் நகர்த்திக்கொண்டாள். நாங்கள் மூன்று ஆம்பிளைகளும் மேஜைக்கு இடம் விட்டு விலகிக்கொண்டோம். வெட்டிய துண்டைத் தூக்கிப் பழைய சீட்டின் துண்டு மேல் போட்டாள். ஒரு இழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

தனசேகரன் அந்த விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தான். ஒரு முழுச் சுற்று ஓட்டினான். "இன்னொண்ணு வெட்டும்மா" என்றான். குரல் இறங்கியிருந்தது. தட்டை அவளிடம்தான் கொடுத்தான். வேட்டி இருக்கிற தட்டைப் பொம்பளையிடம் கொடுக்கிறோமே என்று ஒரு நிமிடம் தடுமாறியது வேறு விஷயம்.

வண்டி கல்யாணத்துக்கு முந்தின நாளே போய்விட்டது. ஊரே சீட்டைத் தடவிப் பார்த்ததாம். ஆனால் எழிலரசி பயந்ததுதான் நடந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டுக்குப் போன அருள்ராஜ் அப்புறம் கடைப்பக்கமே வரவில்லை. சோறு இறங்கவில்லை, சவரம் பண்ணவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான் என்றாள். அவள் கண்களைத் துடைத்துக்கொண்டே தைப்பாள். நான் இரண்டு தடவை போய்க் கூப்பிட்டேன். "போ வேணு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான். இவ்வளவுக்கும் காரணம் நான்தான் என்று நினைக்க நினைக்க எனக்கே என் மேல் ஆத்திரமாக வந்தது.

கல்யாணம் முடிந்த நாலாம் நாள் காலையில் பார்த்தால், அருள்ராஜ் கடை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அதே தாடியோடு. எழிலரசி உள்ளே மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். நான் அவன் பக்கம் போகப் பயந்துகொண்டு என் கடையில் போல்ட்டு எண்ணுகிற மாதிரி இருந்தேன். அந்த நேரம் பார்த்தா செய்யாறிலிருந்து ஒரு ஜீப் வந்து நிற்க வேண்டும்? முன்பின் தெரியாத ஆள் இறங்கினான்.

"ஏங்க, தனசேகரன் வண்டிக்கு சீட்டு தெச்சாங்களே, எழிலரசி அம்மா, அவங்க கட இதுங்களா?"

எழிலரசி மெஷினை விட்டு எழுந்துவிட்டாள். முகம் வெளுத்துவிட்டது. பெயர்ப் பலகையில் இன்னும் அருள்ராஜ் பேர்தான் இருந்தது. அந்த ஆள் அதைப் பார்க்கவே இல்லை.

அருள்ராஜ் பெஞ்சிலிருந்து எழுந்தான். வேட்டியை இழுத்துக் கட்டினான்.

"இதாங்க. நான் அவங்க வூட்டுக்காரன்" என்றான். "உள்ள வாங்க. எழிலு, யாரோ உன்னத் தேடிகினு வந்துகிறாங்க பாரு."

எழிலரசி அழுதுவிட்டாள். அழுதுகொண்டே அளவு டேப்பை எடுத்துக்கொண்டு ஜீப்பைப் பார்க்கப் போனாள்.