எங்கள் ரெய்டரை அனுப்பிவைத்த கதை

ஏற்காடு மலையில் மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பெண்கள் காலையில் காட்டுக்குள் பழம் பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வார்கள். அதற்குப் பிறகுதான் எனக்குப் பிடித்த வேலை தொடங்கும். தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குக் கீழே, சில்வர் ஓக் மரங்களை ஒட்டி, சரிவை வெட்டிச் சமமாக்கிய ஒரு துண்டு நிலம் இருக்கிறது. எங்கள் பெண்கள் கபடிக் குழு அங்கேதான் ஆடும்.

பள்ளியில் நானும் நன்றாக ஆடியவள். கல்யாணத்தோடு அது நின்றுபோனது. அந்த ஏக்கத்தில் குழு தொடங்கினேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். நடந்தது வேறு. ஒரு கோடை விடுமுறையில் லைன் வீட்டுப் பெண்பிள்ளைகள் நாள் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தச் சத்தம் தாங்காமல் சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு போய்க் கோடு போட்டுக் கொடுத்தேன். "அடிச்சுக்கறதா இருந்தா இதுக்குள்ள நின்னு அடிச்சுக்கோங்க" என்றேன்.

அப்படி ஆரம்பித்த குழு இரண்டு வருடத்தில் வெளியூர்ப் போட்டிகளுக்குப் போகத் தொடங்கியது. என் கணவர் ஷேர் ஜீப் ஓட்டுகிறார். போட்டி நாட்களில் அவர் ஜீப்தான் எங்கள் வண்டி. பின்னால் எட்டுப் பிள்ளைகள், முன்னால் நான், என் மடியில் தண்ணீர்க் கேன்.

நல்ல ஆட்டம் வெளியே தெரிந்தால் வெளியே இருந்து ஆள் வருவார்கள். முதலில் ஒரு பிள்ளையை விளையாட்டு விடுதிக்கு எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வருடம் இன்னொருத்திக்குச் சமவெளியில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. இரண்டு பேரையும் பஸ் ஏற்றிவிடப் போனேன், மாலை போட்டேன், கைதட்டினேன். வீட்டுக்கு வந்து அழுதேன். சந்தோஷ அழுகை என்று கணவரிடம் சொன்னேன். பாதிதான் உண்மை. இரண்டாவது பிள்ளை போன பிறகு எங்களிடம் ஆறு பேர்தான் இருந்தார்கள். கபடிக்கு ஏழு பேர் வேண்டும். பதிவு செய்திருந்த போட்டிக்கு வர முடியவில்லை என்று போன் போட்டுச் சொன்னேன். அந்த வருடம் முழுக்க மைதானத்தில் புல் முளைத்துக்கொண்டிருந்தது. கூட்டிக்கொண்டு போனவர்களில் ஒருவர்கூட, இந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்கவில்லை.

மூன்றாவதாகப் போனவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அவள் அம்மா எங்கள் எஸ்டேட்டில் பழம் பறிக்கிறவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மைதானத்தில் புல் முளைத்த அந்த வருடக் கடைசியில், பன்னிரண்டு வயதில், தம்பியை என்னிடம் விட வந்தபோது இவளை முதலில் கவனித்தேன். தம்பி அவள் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். இடுப்பை ஒரு வெட்டு வெட்டி, துப்பட்டாவை அவன் கையில் விட்டுவிட்டு வாசலைத் தாண்டிவிட்டாள். அன்று சாயங்காலமே அவளை மைதானத்துக்கு வரச் சொன்னேன்.

ஆறு வருடம் எங்களோடு ஆடினாள். எதிரணிக்குள் பாடிப் போய்த் தொட்டுவிட்டுத் திரும்பும் ரெய்டர்களில் அவளைப் போல ஒருத்தியை நான் இந்த மலையில் பார்த்ததில்லை. ஒருமுறை ஏற்காட்டில் நடந்த போட்டியில் கணுக்கால் பிசகி விழுந்தாள். எங்களை விட்டுவிட்டு இடையில் சவாரிக்கு ஏற்றியிருந்த ஆட்களைக் கணவர் இறக்கிவிட்டு, அவளைச் சேலத்துக்குக் கொண்டுபோனார். மூன்று மாதம் அவள் காலை மெல்ல மெல்லப் பழையபடி நடக்க வைத்தோம். பயம் போக வைப்பதற்கு இன்னும் இரண்டு மாதம் ஆனது. விழுவது எப்படி என்று ஈர மண்ணில் நானே விழுந்து விழுந்து காட்டினேன். அப்போது எனக்கு நாற்பது வயது.

பிளஸ் டூ முடித்த வருடம், சேலத்தில் ஒரு தனியார் நிறுவனத்தின் பெண்கள் அணி அவளைக் கூப்பிட்டது. ஆபீஸில் வேலை, தங்க இடம், சம்பளம். நான்தான் முதலில் குதித்தேன். அன்று வீட்டில் சோறு போடும்போது கணவர் கேட்டார்.

"இந்தத் தடவையும் கைதட்டிப் போட்டு வந்துருவியா புள்ள?"

"வேற என்னங்க பண்றது?"

"கேளு. பெரிய எடத்து ஆட்டத்துல எல்லாம், ஆளு மாறுனா வளத்த குழுவுக்கு ஏதோ குடுப்பாங்களாமா. ஜீப்புல வந்த ஒரு வாத்தியார் சொன்னாரு. நாம ஏன் கேக்கக்கூடாது?"

எனக்கும் அது சரியாகப் பட்டது. குழுப் பிள்ளைகளிடம் சொன்னேன். அங்கேதான் தவறு செய்தேன். முதலில் சொல்லியிருக்க வேண்டியது அவள் அம்மாவிடம்.

மறுநாள் காலை, எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்தில் எல்லோர் முன்னாலும் அந்த அம்மா என் எதிரில் வந்து நின்றார்.

"ஏம்மிணி, எம்புள்ளைய வெல பேசறீங்களாமே? எத்தனைக்கு?"

"ஐயோ அக்கா, அப்பிடி இல்லீங்க."

"பின்ன எப்பிடி? ஆட்டுக்குட்டியா அவ? நீங்க வளத்து சந்தைக்கு ஓட்டிக்கிட்டுப் போறதுக்கு?"

சுற்றி நின்ற பெண்கள் கூடைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ரைட்டர் அடுத்த பேரைக் கூப்பிட்டார். அன்று முழுக்கக் குழந்தைகளுக்குப் பால் ஆற்றும்போதும் அந்த வார்த்தை காதிலேயே இருந்தது. கோபம் வந்திருந்தால் தேவலை. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறதோ என்ற சந்தேகம்தான் என்னை வாட்டியது. பெற்றவள் ஒன்றும் கேட்காதபோது எனக்கென்ன பாத்தியதை?

ஒரு வாரம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் மகள் மட்டும் மைதானத்துக்கு வந்தாள்.

"அக்கா, அம்மா சொல்றது இருக்கட்டுமுங்க. நீங்க என்னதான் கேக்கலாமுன்னு இருந்தீங்க?"

"எனக்கே தெரியல கண்ணு. உனக்கு அடுத்து வர்ற புள்ளைங்களுக்கு ஏதாவது கெடைச்சா ஆகுமேன்னுதான். போட்டியெல்லாம் இப்ப மேட்டு மேலதான் நடக்குது. நாம மண்ணுல ஆடிப்போட்டு அங்க போயி வழுக்கி வழுக்கி விழறோம்."

மேட் என்பது கபடிக் களத்தில் விரிக்கும் மெத்தென்ற விரிப்பு. கட்டம் கட்டமாக ஒன்றோடொன்று கோத்து விரிப்பார்கள். எங்கள் பிள்ளைகள் அதைப் போட்டி நாளில்தான் முதன்முதலாக மிதிப்பார்கள்.

அவள் காலடியில் கிடந்த கல்லைப் பொறுக்கி ஓரமாகப் போட்டாள். "எனக்குக் கையெழுத்துப் போட வரச் சொல்லியிருக்காங்க. அம்மாவும் வருது. நீங்களும் வாங்க. அம்மா முன்னாடியே கேளுங்க" என்றாள்.

ஏற்காட்டிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில் அந்த அம்மா எனக்கு இரண்டு சீட் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். கொண்டை ஊசி வளைவுகளில் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாயும்போதுகூட என் பக்கம் திரும்பவில்லை. மகள் கொஞ்ச தூரம் அவர் பக்கத்திலும் கொஞ்ச தூரம் என் பக்கத்திலுமாக மாறி மாறி உட்கார்ந்து வந்தாள்.

அணியின் மேனேஜர் மரியாதையான மனிதர். டீ வரவழைத்தார். காகிதங்களை எடுத்து வைத்தார். அவள் பேனாவை எடுப்பதற்குள் நான் பேசிவிட வேண்டும் என்று நினைத்து, மூச்சு விடாமல் சொல்லிமுடித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய ஆறுதல்.

"எங்க ஆட்டத்துல அப்பிடி ஒரு ரூல் இல்லீங்கம்மா" என்றார்.

"தெரியுமுங்க. ரூல் இருந்திருந்தா நான் பஸ் ஏறி வந்திருக்க மாட்டேன். ஒரு லெட்டர் போட்டிருப்பேன்."

"சரி, எவ்வளவு எதிர்பாக்கறீங்க?"

எனக்குத் தொகை எதுவும் தெரியாது. மலையிலிருந்து இறங்கும்வரை அதை யோசிக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தெரிந்ததைச் சொன்னேன். மழைக்காலத்தில் கோடு அழிய அழியத் திரும்பப் போட்டது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மண்ணுக்குள்ளிருந்து கல் மேலே வரும். பிள்ளைகள் வரிசையாகக் குனிந்து பொறுக்கிய பிறகே ஆட முடியும். மற்ற பிள்ளைகள் அவளைப் பிடித்துப் பிடித்துத்தான் அவள் தப்பிக்கப் பழகினாள். அவள் ஒருத்தி ரெய்டர் ஆக எட்டுப் பேர் தினமும் அடிபட்டார்கள்.

"உங்களுக்குக் குடுத்தா நாளைக்கு ஊருக்கு ஊரு வந்து நிப்பாங்களேம்மா?"

"நிக்கட்டுமுங்க. எந்தெந்த ஊருல நல்லா ஆடறாங்கன்னு நீங்க தேடி அலைய வேண்டியதில்ல பாருங்க."

அதற்கு அவர் சிரித்தார். பிறகு அந்த அம்மா பக்கம் திரும்பி, "பெத்து வளத்தவங்க நீங்க. நீங்களே ஒண்ணும் கேக்கல. இவங்க கேக்கறது உங்களுக்குச் சரின்னு படுதுங்களா?" என்றார்.

அந்த அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"இவங்களுக்குக் குடுக்கறத எம்புள்ள சம்பளத்துல புடிப்பீங்களா?"

"இல்லீங்கம்மா. குடுத்தா கம்பெனிதான் குடுக்கும்."

"அப்பறம், அது இந்த அம்மிணி ஊட்டுக்குப் போகுமா, குழுவுக்குப் போகுமா?"

"குழுவுக்குத்தானுங்க அக்கா," என்றேன். "ஊட்டுக்கு ஒரு டம்ளருகூட வேண்டாம்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் தடவை.

"பெத்தது நானுங்க," என்று மேனேஜரிடம் சொன்னார். "சோறு போட்டதும் நான்தான். ஆட்டம் நான் சொல்லித் தரலீங்க. அவ காலு பெசகிக் கெடந்தப்ப நான் காட்டுக்குள்ள பழம் பறிச்சுக்கிட்டிருந்தேன். எனக்குத் தெரியறதுக்கு முந்தியே இவங்க ஆஸ்பத்திரி சேத்துப் போட்டாங்க. கேக்கறது தப்பில்லீங்க."

அவள் பேனாவை எடுத்தாள். "நான் கையெழுத்துப் போட்டர்றேன் சார். அக்கா கேட்டதுக்கு மட்டும் ஒரு பதில் சொல்லிப் போடுங்க" என்றாள். மேலே பேசிவிட்டுச் சொல்வதாக அவர் சொன்னார். அவ்வளவுதான். கையெழுத்து ஆனது. எங்களுக்கு டீ மட்டும்தான் கிடைத்தது.

திரும்பும் பஸ்ஸில் நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா வந்து, "கொஞ்சம் தள்ளி உக்காரு அம்மிணி" என்றார். வழியெல்லாம் மகளுக்குத் தலையணை வாங்க வேண்டும், அங்கே கொசு அதிகமாமே என்று பேசிக்கொண்டே வந்தார். எஸ்டேட் முனையில் இறங்கும்போது, "எல்லாத்துக்கும் முன்னால எங்கிட்டக் கேட்டிருக்கலாமுல்ல?" என்றார். "கேட்டிருக்கோணுமுங்க அக்கா" என்றேன்.

இரண்டு மாதம் ஒரு தகவலும் இல்லை. அவள் அங்கே சேர்ந்துவிட்டாள். நான் நம்பிக்கையை விட்டிருந்தேன். அப்போதுதான் மேனேஜர் போன் செய்தார். அணிக்குப் புது மேட் வாங்குகிறார்கள். பழையதை எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். மேட்டை எடுக்கப் போனபோது கூடவே ஒரு லெட்டரும் கொடுத்தார்கள். எங்கள் குழுவிலிருந்து அவர்கள் எடுக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும், அவள் ஆடும் முதல் இரண்டு வருடம், அவள் சம்பளத்தில் கைவைக்காமல் குழுவுக்கு ஒரு சிறு தொகை. எடுப்பதற்கு முன்னால் பிள்ளையின் வீட்டாரிடமும் எங்களிடமும் பேச வேண்டும் என்ற வரி அதில் இல்லை. அதையும் சேர்க்கச் சொன்னேன். சேர்த்தார்கள்.

காப்பி மூட்டைகளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் எஸ்டேட் லாரியில் மேட் மலையேறியது. பழம் பறிப்பு முடிந்திருந்ததால் காப்பி காயவைக்கும் சிமெண்ட் களம் சும்மா கிடந்தது. அடுத்த பறிப்புவரை அங்கே விரித்துக்கொள்ள அனுமதி வாங்கினோம். மேட்டில் அடித்த வியர்வை நாற்றத்தைச் சொல்லி மாளாது. அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளின் அம்மாக்கள் பத்துப் பேர் வந்து, துணி துவைக்கிற பிரஷ்ஷால் கட்டம் கட்டமாகத் தேய்த்துக் கழுவினார்கள். எல்லோரையும் வேலை வாங்கியது அந்த அம்மாதான். கிழிந்த கட்டங்களை ஓரத்துக்குத் தள்ளி, நல்லதை நடுவில் கோத்தோம். காய்ந்ததும் முதலில் யார் ஏறுவது என்று சண்டை வந்தது. இரண்டு சிறுசுகள் கேட்காமலே ஏறிப் புரண்டன.

முதல் நாள் ஆட்டம் பரிதாபமாக இருந்தது. மண்ணில் காலை ஊன்றித் திரும்பிப் பழகியவர்கள் மேட்டில் தடுமாறினார்கள். ஷூ நாலு ஜோடிதான் இருந்தது. ரெய்டு போகிறவள் போட்டுக்கொண்டு போவாள், வந்து கழற்றி அடுத்தவளுக்குக் கொடுப்பாள். அளவு சரியில்லாதவர்கள் துணியைத் திணித்துக்கொண்டார்கள். ஒரு மாதத்தில் கால்கள் பழகிவிட்டன.

சேலத்துக்குப் போனவள் முதல் சீசன் முழுக்கப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். போனில் அழுவாள். அம்மா எனக்குப் போன் போட்டு, "நீயே பேசு, எனக்கு அந்த ஆட்டமெல்லாம் புரியாது" என்பார். நான் என்ன சொல்லியிருப்பேன்? தினமும் ஓடு கண்ணு, சாப்பிடு, எதிரணி எந்தக் காலை முன்னால் வைக்கிறது என்று பெஞ்சிலிருந்து பார் என்றுதான் சொன்னேன். இரண்டாவது சீசனில் இறக்கினார்கள். இப்போது பாதி ஆட்டங்களில் ஆடுகிறாள். பெரிய பேர் இன்னும் வரவில்லை. ஆபீஸ் வேலை பிடித்திருக்கிறதாம். லீவில் வந்தால் களத்துக்கு வந்து, சின்னப் பிள்ளைகளிடம் வேண்டுமென்றே பிடிபட்டுப் பிறகு நழுவிக் காட்டுவாள்.

குழுவில் இப்போது பதினாறு பேர். வாழவந்தியிலிருந்து இரண்டு பேர் பஸ்ஸில் வருகிறார்கள். வந்த தொகையில் முதலில் ஷூ வாங்கினோம். போன மாதம் அடிவாரத்தில் குப்பனூர்ப் பக்கம் ஒரு குழு நடத்தும் பெண் ஒருவர் போன் செய்தார். நான் அவரைப் பார்த்ததில்லை.

"ஏனுங்க, எங்க புள்ள ஒருத்தியையும் ஒரு டீம்ல கேக்கறாங்க. உங்ககிட்ட ஏதோ லெட்டர் இருக்குதாமா. அதப் பாத்து நாங்களும் ஒண்ணு எழுதிக்கலாமுங்களா?"

லெட்டரைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். "லெட்டரு அப்பறமுங்க. மொதல்ல அந்தப் புள்ளயோட அம்மாவப் போய்ப் பாருங்க" என்று சொன்னேன். அடுத்த வாரம் அவர்கள் அணி எங்களோடு ஆட மலைக்கு வந்தது. அவர்கள் அனுப்பப்போகும் அந்தப் பிள்ளை ரெய்டு வந்தாள். எங்கள் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்தும் அவளை நிறுத்த முடியவில்லை. இரண்டு பாயிண்டில் தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் அவர்களுடைய ஜீப்புக்குத் தண்ணீர்க் கேன் நிரப்பிக் கொடுத்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு ஆட நாங்கள் இறங்கி வருவதாகப் பேச்சு.