வடிகட்டி விழுங்கிய வரி

இந்த ஆவி, அமானுஷ்யம் எல்லாம் எனக்கு ஆகவே ஆகாது, நான் கம்ப்யூட்டர்காரி. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் சிரித்துவிட்டுப் போங்கள், நடந்தது இதுதான்.

மலேசியாவில், கோல சிலாங்கூரில் எங்கள் ஆபீஸ். ஜெராமிலிருந்து சுங்கை ஆயர் தாவார் வரை செம்பனைத் தோட்டங்களுக்குள் கடல்தண்ணீர் ஏறாமல் தடுக்க மதகுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி, அது நீர்மட்டத்தை எண்களாக எங்கள் திரைக்கு அனுப்பும். ஆரம்பத்திலிருந்து அதைக் கட்டி மேய்த்தவள் நான். போன வருடம் வந்து சேர்ந்த தேவகி, "வெளியிலேருந்து வர்ற எதையும் அப்படியே நம்பக்கூடாதுக்கா, அதுக்குள்ள கட்டளை ஒளிஞ்சு வந்து நம்ம ஸ்கிரீனையே ஆட்டி வச்சிரும்" என்று ஒரு வடிகட்டி எழுதினாள். எண்களை மட்டும் உள்ளே விடும், மற்றதைத் தூக்கி எறியும், அவ்வளவுதான். அதற்கே சூப்பர்வைசர் நாற்காலி அவளுக்கு என்று பேச்சு. எனக்கு வயிறு எரிந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

அன்று மத்தியானம் நல்ல மழை. அவள் சாப்பிடப் போயிருந்தாள். வடிகட்டி இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது என்று மேனேஜருக்குக் காட்டிவிட வேண்டும் என்று அதை அணைத்தேன். எண்கள் ஒழுங்காகத்தான் வந்தன. திடீரென்று திரை முழுக்க அழிந்தது. பிறகு ஒவ்வொரு எழுத்தாக, யாரோ யோசித்து யோசித்துத் தட்டுவதுபோல ஒரு வரி வந்தது: "அந்த நாற்காலி எனக்கு வரவேண்டியது."

அன்று காலை புக்கிட் பெலிம்பிங் தாண்டும்போது, காரில் தனியாக, எனக்கு நானே முணுமுணுத்த வார்த்தை அது. எந்தப் பெட்டி அனுப்பியது என்று பார்த்தால் சுங்கை ஆயர் தாவார் என்று காட்டியது. அந்தப் பெட்டியோ பழுதாகி முந்தின நாளே லோரியில் வந்து, ஒயர் எதுவும் இல்லாமல் என் காலடியில் கிடந்தது.

தேவகி குடையோடு உள்ளே வந்தாள். திரையை அவள் பார்க்கவே இல்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள்.

"உங்களுக்கும் வந்துருச்சாக்கா?"

"உனக்கு எப்ப?"

"வேலைக்குச் சேர்ந்த வாரமே. அதுக்குத்தான் வடிகட்டி எழுதுனேன். என்ன வந்துச்சுன்னு மட்டும் கேக்காதீங்க லா."

பயந்துபோயிருந்த எனக்கு, நம்ப மாட்டீர்கள், அந்த நிமிடமும் பொறாமைதான் முந்திக்கொண்டு வந்தது. அதுகூட முதலில் அவளிடம்தான் போயிருக்கிறது!

இப்போது அவள்தான் சூப்பர்வைசர். வடிகட்டியை நான் தொடுவதில்லை. அந்தப் பெட்டி ஸ்டோரில் தூசி பிடித்துக் கிடக்கிறது. ஆனாலும் மழை பிடித்தால், திரையில் அதன் பெயருக்கு எதிரே ஒரு வெற்று வரி வந்து நிற்கும், வடிகட்டி எதையோ விழுங்கியிருக்கிறது என்று அர்த்தம். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். வந்தது அவளுக்கா எனக்கா என்று இன்றுவரை தெரியவில்லை.