மொட்டையடித்த மகளோடு தெருவில் நின்றேன்

மடவார் வளாகத்துச் சிவன் கோயிலில் என் மூன்று வயது மகளுக்கு முடியிறக்கினோம். மனைவி அர்ச்சனைத் தட்டு வாங்கப் போனாள். வீறிட்டு அழுத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்தேன்.

நாலைந்து பேர் வழிமறித்தார்கள். "ஏலே, பிள்ளைய எங்க தூக்கிட்டுப் போற?"

நான் வாய் திறக்குமுன் அறை விழுந்தது. மகளைப் பிடுங்கிக்கொண்டு என்னைக் கீழே தள்ளி மிதித்தார்கள். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது.

"மொட்டை போட்டுத்தான் பிள்ளைய கடத்துதானுகளாம். வாட்ஸ்அப்புல வந்திருக்குல்ல!"

அந்தச் செய்தி எங்கள் பக்தர் குழுவிலும் காலையில் வந்தது. மேலே சாமி படம் இருந்ததால் நானும் நம்பி, சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தேன்.

பூ விற்கும் அக்கா ஒருவர் கூட்டத்துக்குள் பாய்ந்தார். "ஏலே, விடுங்க! எந்தத் தெருவுல, யாரு பிள்ளை காணாமப் போச்சு? ஒருத்தனாச்சும் சொல்லு பாப்போம்!"

ஒருவன் போனை எடுத்து அந்தச் செய்தியில் ஊர்ப் பெயரைத் தேடினான். அதற்குள் மனைவி அலறிக்கொண்டு ஓடிவர, மகள் "அம்மா" என்று தாவினாள். கூட்டம் கலைந்தது.

இப்போது குழுவில் அப்படிக் கடத்தல் செய்தி எது வந்தாலும், "எந்த ஊர், யார் பிள்ளை?" என்று கேட்கிறேன். "நீ அவனுக கூட்டாளியாலே?" என்று சிரிப்புப் பொம்மை போடுகிறார்கள். போடட்டும். கடவுள் புண்ணியத்தில் எனக்காகக் கேட்க அன்று ஒருவர் இருந்தார்.