வலது முழங்கைக்காரி

அன்றைக்கு விறகுத்தொட்டியில் இருந்தவர்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் ஆளைக் கூட்டியும் குறைத்தும் பேசக் கூடாது. தொட்டிக்காரர் தணிகாசலம், மேசைக்குப் பின்னால். அவரிடம் விறகு எடை போடும் முனுசாமி, தராசுக்குப் பக்கத்தில். என் அடுத்த வீட்டுச் செல்லம்மா; ரங்கூனில் எங்களுக்கு மூன்று தெரு தள்ளி இருந்தவள், இங்கே ஒரே சுவருக்கு அந்தப் பக்கம். அப்புறம் நான். ஐந்தாவது ஆள் டெலிபோன் கம்பியின் மறுமுனையில் இருந்தான். அவன் முகத்தை நான் பார்த்ததில்லை, பெயரும் தெரியாது. ஆனாலும் அவனையும் கணக்கில் சேர்க்கிறேன். மற்ற மூன்று பேரை விட எனக்கு அவன்தான் அன்றைக்கு நெருக்கமாகத் தெரிந்தான்.

கப்பலில் வந்திறங்கிய நம்மவர்களுக்கு நான் சொல்லாமலே தெரியும்: இங்கே வந்த புதிதில் நமக்குச் சோறு, தண்ணீரை விடப் பெரிய தொந்தரவு பேச்சுதான். தமிழ் பேசும் ஊருக்குத்தானே போகிறோம் என்று தைரியமாக ஏறினோம். எண்ணூர்ப் பக்கம் ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில் எங்களுக்கு வீடு ஒதுக்கினார்கள். முதல் மாதம் முழுக்க ‘கீது’ என்று ஒருத்தி இந்த ஊரில் எல்லார் வீட்டிலும் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். “வூட்ல கீது”, “கடையில கீது”, “அங்கதான் கீது” என்பார்கள். யார் அந்தக் கீதா, இப்படி ஓயாமல் அலைகிறாளே என்று செல்லம்மாவிடம் கேட்டே விட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. இருக்கிறது என்பதைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள். ரங்கூன் கம்பையில் பர்மாக்காரர்களுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவள் நான். பர்மியப் பேச்சு எனக்குக் காதில் தானாக ஏறும். திருவொற்றியூர்க் கடைத்தெருவில் என் தாய்மொழியைத்தான் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்தி யோசிக்க வேண்டியிருந்தது. கன்னத்தில் தனாக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசிக்கொண்டு போனால், “இன்னாமே, மூஞ்சிக்கு வெள்ளையடிச்சிகினு வந்துகீறே” என்று முனுசாமி சிரிப்பான். நான் பதிலுக்குச் சிரித்துவிட்டு வந்து, திட்டினானா விசாரித்தானா என்று ஒரு நாள் முழுக்கக் கவலைப்படுவேன்.

கவலைப்படுவது என் குணம். ரங்கூனில் குண்டு விழுந்த வருஷம் நான் ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் அதோடு நின்றது. அன்றைக்குப் பிடித்த பயம் மட்டும் நிற்கவில்லை. பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். அரசாங்கம் எங்களுக்குக் கொடுத்த பட்டுவாடா கார்டை ஒரு நாளும் வீட்டில் வைத்துவிட்டு வெளியே போனதில்லை. வீடு பற்றிக்கொண்டால் என்ன செய்வது, எலி கடித்தால் என்ன செய்வது. சுருக்குப்பையில் போட்டு ரவிக்கைக்குள் வைத்திருப்பேன். பழுப்பு அட்டை, நாலாய் மடித்தது, எல்லாம் இங்கிலீஷில். பெயர், நம்பர், வந்த கப்பல், அங்க அடையாளம். அதைக் காட்டினால்தான் ஆபீஸில் பணம் தருவார்கள். இங்கே வந்த ஆறாம் மாதம் என் வீட்டுக்காரர் இறந்துபோனதால் தொழில் கடன் என் பெயருக்கே ஆயிற்று. மொத்தம் ஆயிரத்து ஐந்நூறு, இரண்டு தவணையாக. பர்மா நூடுல்ஸ் அத்தோ விற்கத் தள்ளுவண்டி போடுகிறேன் என்று மனுவில் எழுதிக் கொடுத்திருந்தேன். முதல் தவணையில் தண்டையார்பேட்டை ஆசாரி வண்டிக்கு மேல்பாகம் செய்து முடித்துவிட்டார். சக்கரமும் அச்சும் இரண்டாம் தவணை வந்தால்தான். வண்டி அவர் பட்டறையில் செங்கல் மேல் உட்கார்ந்திருந்தது.

அந்த நேரத்தில்தான் போன் வந்தது. எங்கள் குடியிருப்பில் யாருக்குப் போன் வந்தாலும் தொட்டிக்குத்தான் வரும். தணிகாசலம் ரோட்டில் வந்து நின்று கூப்பிடுவார். நானும் மனுவில் அந்த நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். “பர்மாக்காரம்மா, உனுக்குத்தான்மே, சீக்கிரம் வா, லைன்ல கீறாங்கோ.” ஓடினேன். டெலிபோன் என்றாலே எனக்குச் சாவுச் செய்திதான். செல்லம்மாவும் துணைக்கு வந்தாள்.

“அமா, தமீன் சா பீபீலா?” என்றது குரல்.

அக்கா, சோறு சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். பர்மாவில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரும் கேட்பது. கப்பலை விட்டு இறங்கி இரண்டு வருஷத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். தானும் கம்பைதான் என்றான். நிவாரண ஆபீஸில் நம்மவர்களுக்காகத் தன்னைப் போட்டிருக்கிறார்கள் என்றான். “உங்க ரெண்டாம் தவணை வந்திருச்சு அமா. கார்டு விவரம் இன்னிக்கு மூணு மணிக்குள்ள சரிபார்க்கணும். இல்லேன்னா பணம் திரும்பிப் போயிரும். நம்ம ஊர்க்காரவுங்களாச்சேன்னுதான் கூப்பிட்டேன்.” கார்டு கையில் இல்லாதிருந்தால் வீட்டுக்குப் போய் எடுத்து வருவதற்குள் கொஞ்சம் யோசித்திருப்பேன். என் பயத்தால் அது மார்பிலேயே இருந்தது. எடுத்துப் பிரித்தேன். நம்பரைச் சொன்னேன். கப்பல் பெயரையும் வீட்டுக்காரர் பெயரையும் சொன்னேன். அங்க அடையாளம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். எனக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியும், பொருள் தெரியாது. ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். ஆர், ஐ, ஜி, எச், டி. அவன் பொறுமையாகக் குறித்துக்கொண்டான். கையெழுத்துத் தமிழிலா இங்கிலீஷிலா என்று கேட்டான். தமிழில் என்றேன்.

இதற்குள் தணிகாசலம் எழுந்து வந்து என் எதிரில் நின்று கையை ஆட்டினார். “ஏம்மே, அவன் டபாய்க்கிறாம்மே. டபாய்க்கிறான்.”

நீங்கள் சிரிக்கலாம். இந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் அந்த வார்த்தை தெரியும். ஏமாற்றுகிறான் என்று அர்த்தம். எனக்கு அது டபால்காரன் என்று விழுந்தது. ரங்கூனில் எங்கள் வீட்டில் தபாலை டபால் என்றுதான் சொல்வோம். பணம் மணியார்டரில் வருகிறது போலிருக்கிறது, இவருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது என்று எனக்கு இன்னும் தைரியம் வந்தது. “ஆமாண்ணே, டபால்தான்” என்று தலையாட்டினேன். போனிலும் சொன்னேன், “இங்க அண்ணனும் அதைத்தான் சொல்றாரு.” தணிகாசலம் தலையில் கை வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

வைக்கும்போது அவனுக்கு நன்றி வேறு சொன்னேன். “சேசு தின்பாடே” என்றேன். பர்மியத்தில் ரொம்ப நன்றி. ராயபுரத்து மாதா கோயில் பக்கம் வளர்ந்த முனுசாமி தராசை விட்டுவிட்டு, “இன்னாமே, போன்ல சேசுவ கூப்புட்றே, எப்ப ஞானஸ்நானம் வாங்குனே?” என்றான். செல்லம்மாவும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது. ஊரே என்னைச் சுற்றி நின்று, என் மொழியில், ஏமாறாதே என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. நான் வேறொரு மொழியில் திருடனுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பத்து நாள் பார்த்தேன். மணியார்டர் வரவில்லை. ஆபீஸுக்குப் போனேன். குமாஸ்தா பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். இரண்டாம் தவணை எழுநூற்று ஐம்பது பட்டுவாடா ஆகிவிட்டது. கார்டு தொலைந்துவிட்டது என்று ஒருத்தி வந்திருக்கிறாள். நம்பர், கப்பல், புருஷன் பெயர் எல்லாம் ஒப்பித்திருக்கிறாள். அங்க அடையாளத்தையும் காட்டியிருக்கிறாள். நகல் கார்டு போட்டுக் கொடுத்து, பணமும் கொடுத்துவிட்டார்கள். என் பெயர் தமிழில் கையெழுத்தாகக் கிடந்தது. என் எழுத்தை விட அழகான எழுத்து.

அன்று மாலை செல்லம்மாவிடம் சாட்சி சொல்ல வா என்றேன். அவள் அரிசி களைந்துகொண்டே, “வேணாம்க்கா. பேசுனவன் நம்ம ஆளுன்னு தெரிஞ்சா நம்ம எல்லாருக்கும் கெட்ட பேரு. அப்புறம் யாருக்குமே கடன் குடுக்க மாட்டாங்க. எனக்கும் மனு கெடக்கு” என்றாள். குடியிருப்பில் நாலு பெரியவர்களும் அதையேதான் சொன்னார்கள். வாயை மூடிக்கொள், போனது போகட்டும், மானம் முக்கியம். திருடியவனுக்கு இல்லாத மானம் எனக்கு எதற்கு என்று கேட்டேன். இத்தனை நாள் பயந்தது போதும் என்று எனக்கு அங்கே, அந்தப் பேச்சுக்கு நடுவில்தான் தோன்றியது. பயந்து பயந்து பத்திரப்படுத்திய கார்டே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. இனிமேல் பயந்து எதைக் காப்பாற்றப் போகிறேன்.

சாட்சிக்கு வந்தது தணிகாசலம். அரை நாள் தொட்டியை முனுசாமியிடம் விட்டுவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நிவாரண ஆபீஸ் அதிகாரி நல்ல மாதிரியாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார். கையைக் காட்டம்மா என்றார். இடது முழங்கையைக் காட்டினேன். மொய்ங்கா மீன்சாறு கொதித்த குண்டான் சுட்ட தழும்பு, உள்ளங்கை அகலம். அவர் பதிவேட்டைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், மறுபடியும் பதிவேட்டைப் பார்த்தார்.

“கார்டில் வலது முழங்கை என்று இருக்கிறதே அம்மா.”

“இடதுதான்யா. பொறந்தப்போ எந்தக் கை எடதோ, அதுதான் இப்பவும் எடது.”

“வந்தவளுக்கு வலது கையில் தழும்பு இருந்தது. குமாஸ்தா பார்த்துக் குறித்திருக்கிறார். கார்டோடு பொருந்துகிறவள் அவள்தான். நீங்கள்தான் பொருந்தவில்லை.”

ஆர், ஐ, ஜி, எச், டி என்றால் என்ன என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கப்பலில் வந்திறங்கிய அன்று துறைமுகக் கொட்டகையில் மேசைக்கு எதிரே நின்று கையை நீட்டினேன். எழுதியவர் தன் வலது பக்கம் தெரிந்த கையை வலது என்று எழுதிவிட்டார். அந்தத் தப்பை நான் போனில் எழுத்தெழுத்தாக ஒப்பித்திருக்கிறேன். எவளோ ஒருத்தி அதைக் கேட்டுத் தன் வலது முழங்கையைச் சுட்டுக்கொண்டாளோ, சாயம் பூசிக்கொண்டாளோ. கார்டில் இருக்கிற பெண்ணாக அவள் ஆகிவிட்டாள். நான் அந்தக் கார்டை மார்பில் வைத்துக்கொண்டு வெளியே நிற்கிறேன்.

தணிகாசலம் மேசை மேல் இரண்டு கையையும் ஊன்றினார். “இன்னா சார் இது ஷோக்கா கீது. தப்பா எய்துனது உங்க ஆளு. தப்புக்குத் தோதா ஒருத்தி வந்தா துட்டு. நெசமா ஒருத்தி வந்தா திருடியா? போன் வந்தப்போ நான் கீறேன் அங்க. என் தொட்டி நம்பரு இந்தம்மா மனுவுலதான் கீது. அவனுக்கு அத எவன் குட்தான்னு கேட்டியா?”

அதிகாரி பதிவேட்டை மூடினார். பிறகு என்னிடம், தன்னால் முடிந்தது ஒன்று இருக்கிறது என்றார். கார்டில் வலது என்பதை இடது என்று திருத்தித் தருவார். அதற்கு நான் இரண்டு தவணையும் பெற்றுக்கொண்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். மாதம் இருபது ரூபாய் கட்டினால் போதும், விஷயம் முடிந்துவிடும். “படிக்காதவங்க, தெரியாம போன்ல சொல்லிட்டீங்க. உங்க மேலயும் தப்பு இருக்கு இல்லையா?” என்றார் இரக்கமாக.

இருக்கிறது. நான் எந்த இடத்திலும் இல்லை என்று சொல்லவில்லை. இதை எழுதுவதே அதற்குத்தான். நானும் கம்பைதான் என்றாலும், உங்கள் அம்மா பேசுவது மாதிரியே பேசினாலும், கார்டில் இருப்பதை டெலிபோனில் வாசிக்காதீர்கள். நமக்கு ஊர் ஞாபகம் வரும்போது நம் கை தானாகச் சுருக்குப்பைக்குப் போகிறது. அது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் நிற்கிறவர் என்னவோ சொல்கிறார், புரியவில்லை என்றால் போனை வைத்துவிட்டு அவரிடம் கேளுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. என் தப்பு அவ்வளவுதான். வாங்காத பணத்தை வாங்கினேன் என்று எழுதுவது அதைவிடப் பெரிய தப்பு. அந்தத் தாளைத் திருப்பி அவர் பக்கமே நகர்த்தினேன். பேனாவைத் தொடவில்லை.

ஏழு வருஷம் ஆகிறது. வண்டியின் மேல்பாகத்தை ஆசாரி வேறு ஆளுக்கு விற்றுவிட்டு, என் பணத்தில் பாதியைத் திருப்பித் தந்தார். அத்தோவை நான் அலுமினியத் தவலையில் சுமந்து கொண்டுபோய்த்தான் விற்கிறேன். கம்பெனி வாசலில் ஷிப்டு விடும்போது, “இன்னாமே, இன்னிக்கு முட்டை போட்டுகீறியா?” என்று கேட்பார்கள். எனக்கு இப்போது எல்லாம் புரிகிறது. கோபம் வந்தால் நானும் அதே பேச்சில்தான் பேசுகிறேன். எண்ணும்போது மட்டும் இன்னும் பர்மியத்தில்தான் எண்ணுகிறேன்.

ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை அந்த ஆபீஸில் இரண்டு ஜன்னல் திறப்பார்கள். ஒன்றில் கடன் வாங்குவார்கள், ஒன்றில் கட்டுவார்கள். வாங்காத இரண்டாம் தவணையைக் கட்டச் சொல்லி எனக்குத் தவறாமல் நோட்டீஸ் வருகிறது. முதல் தவணையை எட்டணா கூடப் பாக்கியில்லாமல் கட்டி முடித்துவிட்டேன், ரசீது இருக்கிறது. கட்டுகிற வரிசையில் நிற்கும் நம்மவர்கள் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். செல்லம்மாவும் அந்த வரிசையில்தான் நிற்கிறாள். நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு நான் வாங்குகிற வரிசையில் நிற்கிறேன். “அம்மா, உன் ஜன்னல் அது” என்று புதுக் குமாஸ்தாக்கள் கையைக் காட்டுவார்கள். இல்லப்பா, இதுதான் என்பேன். கார்டைக் கேட்பார்கள். வலது முழங்கைக்காரியின் கார்டைக் கொடுத்துவிட்டு இடது முழங்கையை ஜன்னல் கம்பிக்குள் நீட்டுவேன். சரிபார்த்துவிட்டுப் பொருந்தவில்லை என்பார்கள். அடுத்த மாதம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வருவேன். எனக்கு வர வேண்டிய பாக்கி, ரூபாய் எழுநூற்று ஐம்பது.