பானெட்டில் எரிந்த கற்பூரம்

வெயிலில் நெடுநேரம் நின்ற காரின் கண்ணாடி இடுக்கில் மூக்கை வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? சூடேறிய ரெக்சினும், பெட்ரோலும், முன்னால் தொங்கவிட்ட மல்லிகைச் சரம் வாடிய வாசனையும், பெரியம்மா போடும் பவுடரும் ஒன்றாகக் கலந்து வெந்நீர் ஆவி மாதிரி முகத்தில் அடிக்கும். உள்ளே சூடு அடைந்து கண்ணாடி வெடித்துவிடும் என்று பயந்து என் பெரியப்பா எப்போதும் இரண்டு விரல் இடைவெளி விட்டுத்தான் கண்ணாடியை ஏற்றுவார். தொண்ணூற்றொன்றாம் வருஷம் எனக்கென்று கிடைத்த கார் அந்த இரண்டு விரல் இடைவெளிதான். மீதிக் கார் முழுக்கக் கருணாவுடையது.

கருணா பெரியப்பாவின் ஒரே மகன், என் வயசு, என் வகுப்பு, என்னைவிடப் படிப்பில் மோசம். பெரியப்பா ஒரகடத்துப் பக்கம் கல்குவாரி எடுத்து, ஜல்லி லாரி விட்டு, மெட்ராஸிலிருந்து ஒரு வெள்ளைக் கான்டஸா காரை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். அந்தக் குவாரிக்கே பீப்பாய் வைத்த மாட்டுவண்டியில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார் அவருடைய கூடப்பிறந்த தம்பி, என் அப்பா. இரண்டு வண்டியும் எங்கள் தெருவில் எதிரெதிரே வந்தால் எங்கள் மாடுதான் ஒதுங்க வேண்டும். முன் சீட்டில் முழங்கையை வெளியே நீட்டிக்கொண்டு கருணா என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டுவான், ஏதோ தேர்தலில் ஜெயித்தவன் மாதிரி. அந்தத் தலையாட்டலைப் பார்த்த நாளில் எனக்குச் சோறு இறங்காது. வயிறு எரிந்தது என்று சும்மா சொல்வதில்லை, எனக்கு உண்மையாகவே தொப்புளுக்கு மேலே காந்தும். அம்மா சீரக வெந்நீர் வைத்துக் கொடுப்பாள். சீரகத்துக்கு அடங்குகிற எரிச்சலா அது?

கார் வைத்திருப்பவனுக்கு ஓட்டுவது கஷ்டமே இல்லை, கொண்டுபோய் நிறுத்துவதுதான் கஷ்டம் என்பது பெரியப்பாவுக்கு வாங்கிய வாரத்திலேயே தெரிந்துவிட்டது. அப்போது கார் நிறுத்த என்று தனியாக இடம் ஏது? சந்தை மைதானம், கோயில் பொட்டல், சினிமாக் கொட்டகை வாசல், எல்லாம் பொது. சைக்கிள்காரன் ஹேண்டில் பாரைச் சாய்த்துவிட்டுப் போவான். வண்டிமாடு கொம்பைத் தேய்க்கும். பானெட் சூட்டுக்கு ஆடு ஏறிப் படுக்கும். பையன்கள் தூசியில் விரலால் படம் போடுவார்கள், அந்த விரலில் ஒரு மணல் ஒட்டியிருந்தால் போதும், பெயின்டில் கோடு விழும். கீறலை எங்கள் பக்கம் "ஒர்சல்" என்போம், நசுங்கலை "டொக்கு" என்போம். "ஒர்சல் பட்டா தோல் போச்சு, டொக்கு வுய்ந்தா மானம் போச்சு" என்பார் பெரியப்பா. அவர் கண்டுபிடித்த மருந்து நான். எங்கே போனாலும் பின் சீட்டின் நடுமேட்டில் பைகளோடு பையாக என்னை ஏற்றிக்கொள்வார். இறங்கியதும், "டேய் தேவா, வண்டிய பாத்துக்கினு இரு" என்று சொல்லிவிட்டு மூன்று பேரும் உள்ளே போவார்கள். அவர்கள் கல்யாணச் சாப்பாடு சாப்பிடுவார்கள், படம் பார்ப்பார்கள். நான் கண்ணாடி இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்பேன். கருணா திரும்பி வந்ததும் முதல் வேலையாகக் கண்ணாடியைத்தான் பார்ப்பான். "மூக்கு வச்ச எடத்துல ஈரமா கீது பாரு. தொடச்சி வுடுடா."

ஆனால் ஒன்று சொல்கிறேன், அப்படி நின்று நின்றே ஒரு வண்டியை எங்கே விட்டால் அது பத்திரமாகத் திரும்பி வரும் என்பது என் ரத்தத்தில் ஊறிவிட்டது. வரிசையின் கடைசியில் விட வேண்டும், ஒரு பக்கம் சுவர் இருக்க வேண்டும். மறுபக்கம் நம்முடையதைப் போலவே நல்ல வண்டியாக இருக்க வேண்டும், ஏனென்றால் அவனும் பயந்து பயந்துதான் கதவைத் திறப்பான். முருங்கை மரத்தடி கூடவே கூடாது, பலமாகத் தும்மினால் கிளை ஒடியும். வண்டிமாடு திரும்புகிற முனை ஆகாது. எதுவும் நிற்காமல் காலியாகக் கிடக்கிற இடத்தில் அவசரப்பட்டு விடக் கூடாது, அது ஏன் காலியாகக் கிடக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். இதையெல்லாம் எந்தக் காலேஜிலும் சொல்லித் தருவதில்லை. ஒருநாள் பெரியப்பாவிடமே சொன்னேன். அவர் கருணாவைப் பார்த்துச் சிரித்தார். "பார்றா, மாட்டுவண்டிக்காரன் புள்ள எனக்குக் கார் நிறுத்தச் சொல்லித் தர்றான்."

அந்த ஆடி மாதம் வாலாஜாபாத் பக்கம் ஒரு அம்மன் கோயிலில் கூழ் வார்க்கும் திருவிழா. அந்த அம்மனைச் சுற்று வட்டாரம் முழுக்கப் "பெரியாத்தா" என்றுதான் கூப்பிடும். கிளம்பும்போது பெரியப்பா என் தோளில் கை போட்டார், அது வழக்கமில்லை. முந்தின வாரம்தான் சினிமாக் கொட்டகையில் பின் கதவில் விரல் நீளத்துக்கு ஒரு கோடு விழுந்திருந்தது, நான் முன்பக்கம் நின்றிருந்தேன். "இன்னிக்கு ஒரு ஒர்சல் இல்லாம பாத்துக்கினேன்னு வையி, திரும்பி வர்றச்சொ ஒன்ன முன்னாடி ஒக்கார வச்சிக் கூட்டினு வர்றேன்" என்றார். கருணா சீப்பை மடியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான். அவன் முகம் சுருங்கியதைப் பார்த்ததே எனக்குப் பாதிச் சவாரி.

பொட்டலில் டிராக்டரும் டெம்போவும் மாட்டுவண்டியுமாக நெருக்கியடித்தது. அரிசி மில் சுவரோரம் கடைசி இடம் இருந்தது, அதைக் காட்டினேன். பெரியப்பாவுக்கோ, அங்கே விட்டால் வண்டி யார் கண்ணில் படும் என்ற கவலை. கோயிலுக்கு நேர் எதிரே வேப்பமரத்தடியில் ஓர் இடம் துப்புரவாகக் காலியாக இருந்தது. "ஏன் காலியா கீதுன்னு கேளுங்க பெரியப்பா" என்றேன். "நம்ம வண்டிக்குத்தாண்டா" என்று கொண்டுபோய் விட்டார். அதோடு நிற்காமல் டிக்கியைத் திறந்து ஒரு பையை எடுத்தார். யாரோ அவருக்கு யோசனை சொல்லியிருக்கிறார்கள், சாமி பொருள் என்று தெரிந்தால் எவனும் கை வைக்க மாட்டான் என்று. பானெட்டில் மூன்று இடத்தில் மஞ்சள் தடவி நடுவில் குங்குமம் வைத்தார். முன் கம்பியில் வேப்பிலை செருகினார். கண்ணாடிக்குக் கீழே ஒரு சிவப்புத் துணியைப் பாவாடை மாதிரி கட்டினார். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டார். "இப்போ தொடட்டும் பாக்கலாம்."

யாரும் தொடவில்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆட்டை ஓட்டி வந்தவன் ஆட்டை இழுத்துக்கொண்டு விலகினான். பையன்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். ஒரு வயசாளி வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடந்து போனார். நான், திரும்பும்போது முன் சீட்டில் உட்கார்ந்தால் எந்த முழங்கையை வெளியே நீட்டுவது, எங்கள் தெருவில் யாரைப் பார்த்துத் தலையாட்டுவது என்றெல்லாம் முடிவு செய்துகொண்டிருந்தேன். அப்போதுதான் தலையில் கூழ்க் குடத்தோடு ஒரு அம்மாள் வந்து நின்றாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"யாரு வண்டி கண்ணு இது?"

பம்பைக்காரர்கள் எங்கள் காதுக்குப் பக்கத்திலேயே அடித்துக்கொண்டிருந்தார்கள். "பெரியப்பா வண்டி" என்று கத்தினேன்.

"பெரியாத்தா வண்டியா?" அவள் பின்னால் வந்தவர்கள் பக்கம் திரும்பினாள். "அடியே, பெரியாத்தா வண்டியாம்டி. இந்த வருசம் கார்ல வந்துகீறா."

"பெரியாத்தா இல்ல, பெரியப்பா" என்றேன். "அதத்தான்டா சொல்றோம்" என்றாள் இன்னொருத்தி. அந்த வேப்பமரத்தடி ஏன் காலியாக இருந்தது என்று அப்போது எனக்கு விளங்கியது. கரகம் ஊர்கோலம் கிளம்புகிற இடம் அது. அந்த இடத்தில், மஞ்சள் குங்குமத்தோடு, பாவாடை கட்டி ஒரு வெள்ளை வண்டி நின்றால் அவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? முதல் அம்மாள் குங்குமம் வைத்த இடத்தில் ஒரு கற்பூர வில்லையை வைத்துப் பற்ற வைத்தாள். "ஐயோ, தொடாதீங்க" என்று குறுக்கே விழுந்தேன். "தொடுவனா? தொட்டா நான் தாங்குவனா?" என்று கையைத் தூக்கிக் காட்டினாள். ஒன்றுக்குப் பின் ஒன்றாக மூன்று பொட்டிலும் கற்பூரம் எரிந்தது. ஒருவர் சக்கரத்துக்கு முன்னால் தேங்காய் உடைத்தார். ஒருத்தி டயருக்குக் கூழ் வார்த்தாள். அப்போது ஒரு பெண்ணுக்கு அருள் வந்தது. "நடந்து நடந்து காலு நோவுதுன்னு கார்ல வந்தேன்டா" என்று அவள் ஆடத் தொடங்கியதும் கூட்டம் முழுக்கக் கும்பிட்டது.

அந்த நேரத்தில்தான் பெரியப்பா வெளியே வந்தார். கையில் பிரசாதம், பின்னால் பெரியம்மா, கருணா. பானெட்டில் தீ எரிவதைப் பார்த்ததும் வாயைத் திறந்தார். ஆடிக்கொண்டிருந்த பெண் நேராக அவர் முகத்தைப் பார்த்தாள். திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. குவாரியில் அத்தனை பேரை அதட்டுகிற மனிதர், தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, தன் வண்டியின் பெயின்ட் அப்பளம் மாதிரி பொரிந்து கொப்பளிப்பதைக் கைகூப்பிக்கொண்டே பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் பக்தி என்று நினைத்தார்கள்.

நான் விடவில்லை. அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். "ஒரு ஒர்சல் கூட இல்ல பெரியப்பா. நாலு பக்கமும் பாருங்க." அவர் என்னைப் பார்த்தார், வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். கோபக்காரர்தான், ஆனால் வாக்குச் சுத்தம். "ஒர்சல் இல்லதான்டா" என்றார். "போ, முன்னாடி ஒக்காரு." கருணா வாயில் இருந்த பொங்கலை மெல்லாமல் நின்றான். நான் கதவின் கைப்பிடியைப் பிடித்தேன். வெயிலில் அது சுட்டது, அந்தச் சூடு இப்போதும் என் உள்ளங்கையில் இருக்கிறது. கதவைத் திறந்தேன். பின்னாலிருந்து ஒரு மஞ்சள் கை என்னை மெதுவாக ஒதுக்கிவிட்டு, பூ சுற்றிய கரகத்தை அந்த முன் சீட்டில் வைத்தது. கோயில் பூசாரி. முழங்கால் வலிக்காரர். "ஆத்தாவே வண்டி வரவழச்சிகினா" என்று சொல்லிவிட்டு அவர் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

பெரியப்பா ஓட்டினார். ஊர் முழுக்கச் சுற்றி வந்தது வண்டி. நானும் கருணாவும் பின்னால் புழுதியில் நடந்தோம். வழியெல்லாம் அவன் அழுதுகொண்டே வந்தான், எனக்கு அந்த வருஷத்தில் முதல் முறையாக வயிற்று எரிச்சல் அடங்கியிருந்தது. கொஞ்ச தூரம்தான். அப்புறம் கண்ணாடி வழியாக அந்தக் கரகத்தின் பூ அசைவதைப் பார்த்தேன், அதுவும் தலையாட்டிக்கொண்டுதான் போனது. வீட்டுக்குத் திரும்பும்போது முன் சீட்டில் யாரும் உட்காரக் கூடாது என்று பெரியம்மா மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டாள். மூன்று பேரும் பின்னால் நெருக்கி உட்கார்ந்தோம், முன் சீட்டில் ஒரு வேப்பிலை மட்டும் சொகுசாக வந்தது.

பானெட்டில் கருத்துப்போன மூன்று வட்டத்தையும் பெரியம்மா டிங்கரிங் பண்ண விடவில்லை. ஊரே அதை "ஆத்தா வண்டி" என்றது. அதற்கப்புறம் பெரியப்பா அதைச் சந்தை நடுவில் விட்டாலும் ஒரு ஒர்சல் விழவில்லை. காவலுக்கு என்னையும் கூப்பிடவில்லை.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். கார்க் கம்பெனிகள் வந்தபோது லைனிலிருந்து இறங்குகிற புதுக் கார்களை ஓட்டிவந்து நிறுத்தும் வேலையில் சேர்ந்தேன். இன்று வல்லம் வடகாலில் கம்பெனி வண்டிகளை நிறுத்திவைக்க எனக்குச் சொந்த யார்டு இருக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் கார்கள், எதிலும் நகக்கீறல் இருக்காது. என் சொந்த வண்டி வெளிநாட்டுது, இந்த ரோட்டில் அதைவிட விலை அதிகமான வண்டியை நான் பார்த்ததில்லை. சென்னையில் எந்த மாலுக்கும், எந்தக் கல்யாண மண்டபத்துக்கும் நானே ஓட்டிப்போய் நானே நிறுத்துவேன், சாவியை எவன் கையிலும் கொடுத்ததில்லை. இதுவரைக்கும் ஒரு ஒர்சல் இல்லை.

போன ஆடியில் அந்தக் கோயிலுக்குப் போனேன். பொட்டல் இல்லை, அரிசி மில் இல்லை, வேப்பமரம் இல்லை. கன்டெய்னர் லாரிகள் நிற்கிற சிமென்ட் தளத்தில் மஞ்சள் கோடு போட்டிருந்தது. கரகம் கிளம்பிய இடத்தில் நம்பர் எழுதிய கட்டத்துக்குள் வண்டியை விட்டேன். கற்பூரத் தட்டோடு ஒரு பெண் என் வண்டியை நோக்கி வந்தாள். சொன்னால் சிரிப்பீர்கள், நான் நிமிர்ந்து நின்றேன். அவள் கண்ணாடியில் குனிந்து தன் பொட்டைச் சரிசெய்துகொண்டு கோயிலுக்குள் போய்விட்டாள்.

அங்கிருந்து நேராகக் கருணா வீட்டுக்குத்தான் போனேன். குவாரியும் லாரியும் பெரியப்பாவோடு போய்விட்டன, அவன் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறான், கம்பெனி பஸ்ஸில் போகிறான். கான்டஸா பின்பக்கக் கொட்டகையில் டயர் இறங்கி நிற்கிறது, ஓடி எத்தனையோ காலம் ஆகிறது. பானெட்டில் அந்த மூன்று கருவட்டம், மேலே அன்றைக்கு வைத்த புதுக் குங்குமம். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து வைத்துவிட்டுப் போவார்களாம்.

"எனக்குக் குடுத்துடுடா" என்றேன். "வெல நீயே சொல்லு."

"இன்னாடா, விக்கிற பொருளா இது?"

"அப்போ ஒரே ஒரு வாட்டி முன்னாடி ஒக்காந்துட்டுப் போறேன்."

கருணா சிரிக்கவில்லை. "அது ஆத்தா சீட்டுடா. அன்னிலேர்ந்து நானே ஒக்கார்றதில்ல."

கண்ணாடி இரண்டு விரல் அளவுக்கு இறங்கியிருந்தது. மூக்கை வைத்தேன். ரெக்சின் இல்லை, பெட்ரோல் இல்லை, பெரியம்மாவின் பவுடர் இல்லை. எலிப்புழுக்கை நாற்றம்தான் வந்தது. ஆனாலும் எடுக்க மனசில்லாமல் நின்றேன்.

"டேய் தேவா" என்றான் கருணா தெருப்பக்கம் எட்டிப் பார்த்து. "வண்டிய போயும் போயும் முருங்க மரத்தடில வுட்டுட்டு வந்துகீற. மேல ஆடு ஏறி நிக்குது பாரு."

நான் திரும்பவில்லை.