எதிர்க்கரை ஊத்தா

என் வீட்டுக் கூடத்தில் பல வருடங்களாகத் தொங்கிக்கொண்டிருந்த ஊத்தாவை இன்று மாலை கீழே இறக்கினேன். மூங்கிலில் கட்டிய கூடை அது. அடி அகன்று, மேல்வாய் குறுகி, இரண்டு பக்கமும் திறந்திருக்கும். வற்றிய கண்மாயில் முழங்கால் தண்ணீரில் நின்று சேற்றில் அமுக்கி, மேல்வாய் வழியாகக் கைவிட்டு மீனைத் துழாவிப் பிடிப்பார்கள். வரலாற்று டீச்சர் வீட்டுக்கு ஏற்ற அலங்காரம் என்று வந்தவர்கள் பாராட்டுவார்கள். நானும் சிரித்து வைப்பேன். அலங்காரத்துக்காக மாட்டியதில்லை, அது என் அத்தையின் ஊத்தா.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. ஆலங்குடிப் பக்கம் ஒரு கண்மாய்; எங்கள் ஊர் அதன் ஒரு கரையில், அத்தை வாழ்க்கைப்பட்ட ஊர் எதிர்க்கரையில். பிறந்த வீட்டில் இன்று என்ன குழம்பு என்பதை அந்தக் கரையில் நின்று குரல் கொடுத்தே தெரிந்துகொள்கிற தொண்டை அவருக்கு. கோடையில் கண்மாய் வற்றியதும் மீன்பிடித் திருவிழா வரும். இரண்டு ஊரும் தத்தம் கரையில் ஊத்தாவோடு காத்து நிற்கும். எங்கள் கரையின் மடைமேல் ஏறி நின்று அப்பா வெள்ளைத் துண்டை வீசுவார். வீசும்வரை ஒருவரும் தண்ணீரில் கால் நனைக்கக் கூடாது. வீசிவிட்டால் அப்புறம் அப்பன், மகன் என்று எவரும் பார்ப்பதில்லை. பிடித்த மீனை விற்கக் கூடாது என்பதும் கட்டுப்பாடு. அன்று இரண்டு ஊரிலும் எல்லா வீட்டிலும் மீன்குழம்புதான்.

நான் ஆரம்பப் பள்ளியில் படித்த காலத்தில் ஒரு கோடையில் இது குலைந்தது. எதிர்க்கரைக்காரர்கள் திடீரென்று இறங்கிவிட்டார்கள். "துண்டு வீசியாச்சு" என்று அவர்கள் கத்த, "எவன்டா வீசுனது" என்று எங்கள் ஆட்கள் பாய, மீன் பிடிக்க வந்த மூங்கில் எல்லாம் மண்டையில் உடைந்தது. எங்கள் ஊரில் ஆள் அதிகம். ஜெயித்துவிட்டோம்.

சமாதானப் பேச்சு எங்கள் கோயில் வாசலில் நடந்தது. எதிர்க்கரைமேல் கொடுத்திருந்த போலீஸ் புகாரைத் திரும்பப் பெற எங்கள் பெரியவர்கள் நிபந்தனை போட்டார்கள். தப்பு முழுக்கத் தங்களுடையதுதான் என்று சொல்லி எதிர்க்கரை எங்கள் கோயில் வாசலில் விழ வேண்டும். இருக்கிற ஊத்தாக்களை எல்லாம் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். இனி மீன்பிடியன்று கரையில் நின்று வேடிக்கை பார்க்கலாம், ஊத்தாவோடு இறங்கக் கூடாது. எதிர்க்கரை சார்பில் விழுந்தவர் அத்தையின் கணவர், என் மாமா. விழாவிட்டால் அவர் ஊர்ப் பையன்கள் ஜெயிலுக்குப் போயிருப்பார்கள். எங்கள் ஊர் விசிலடித்தது. அப்பா மட்டும் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். வாங்கிவைத்த ஊத்தாக்களால் எங்களுக்கு ஒரு பயனும் இல்லை; கோயிலுக்குப் பின்னால் குவிந்து கிடந்து கறையானுக்குத்தான் போயின. ஒன்றை மட்டும் அத்தை வைக்கோல் போருக்குள் ஒளித்துவிட்டார்.

பிரச்சினை அதோடு முடிந்தது என்று எங்கள் ஊர் நினைத்தது. எதிர்க்கரையில் அப்போதுதான் தொடங்கியது. ஊரைக் காப்பாற்ற விழுந்த மாமாவை அவர் ஊரே காட்டிக்கொடுத்தவர் என்றது. டீக்கடையில் அவர் போய் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகிவிடும். சண்டை வேண்டாம் என்று அவரோடு நின்ற பெரியவர்களும் ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டார்கள். அந்த இடத்துக்கு ஒரு லாரி முதலாளி வந்தார். "நம்ம ஊத்தாவ நான் திரும்ப வாங்கித் தாரேன்" என்பது ஒன்றுதான் அவர் பேச்சு. ரோடு வேண்டும் என்றாலும் குடிதண்ணீர் வேண்டும் என்றாலும் அதே பதில். எதிர்த்துக் கேட்டவன் எங்கள் ஊர்க் கைக்கூலி. ஊரே இரண்டாகி அவர்கள் கோயில் திருவிழாவும் நின்றுபோனது. கல்லூரியில் சேர வேண்டிய அத்தையின் மூத்த மகன் அந்த லாரிக்காரர் பின்னால் சுற்றினான். பெற்ற அப்பனோடு பேசுவதில்லை. அடுத்த மீன்பிடியில் எங்கள் ஆட்களை வெட்டுவது என்று அவர்கள் அரிவாள் தீட்டுவது அத்தைக்குத் தெரிந்துவிட்டது.

இப்போது நான் பத்தாம் வகுப்புக்கு வெர்செய்ல்ஸ் உடன்படிக்கை நடத்துகிறேன். முதல் உலகப்போரில் தோற்ற ஜெர்மனி, போருக்குத் தானும் தன் கூட்டாளிகளும்தான் பொறுப்பு என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டது, நிலத்தை இழந்தது, படையைச் சுருக்கியது, பெரும் இழப்பீட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டது. பிள்ளைகள் இதை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். கையெழுத்திட்டவர்களைச் சொந்த நாட்டிலேயே துரோகி என்றார்கள் என்று சொல்லும்போது, காலியான பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கும் மாமா எனக்கு நினைவுக்கு வருவார். ஹிட்லர் வரும் பக்கத்தில் லாரிக்காரர். ஊர்ச் சண்டையையும் உலகப் போரையும் ஒன்றாக்குகிறேன் என்று உடன் வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவர் கேலி செய்தார். செய்யட்டும். தோற்றவனை எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்பதைப் படிக்காமல் அடுத்த போர் ஏன் வந்தது என்று எப்படிப் படிப்பது?

அவர்கள் அரிவாள் தீட்டிய அந்த வருட மீன்பிடியன்று அத்தை வைக்கோல் போரிலிருந்து ஊத்தாவை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, கரையைச் சுற்றி எங்கள் பக்கம் நடந்து வந்தார். எதிர்க்கரையில் பையன்களும் லாரிக்காரரும் நின்றார்கள். மாமா தள்ளித் தனியாக நின்றார். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் அத்தையை மறித்தார்.

"எங்கிட்டுத்தா போற? எதிர்க்கரை ஊத்தா எறங்கக் கூடாதுன்னு பேச்சு."

"நான் இந்த ஊர்ல பொறந்தவதாங்க. கட்டிக்குடுத்த பொண்ணு மீன்பிடிக்கு வந்தா வராதேங்கிற வழக்கம் எப்பருந்துங்க வந்துச்சு?"

பெரியவர் வழிவிட்டார். மீன்பிடிக்கு மகள்கள் பிறந்த ஊருக்கு வருவது எங்கள் பக்கத்து வழக்கம். அதை எந்த நிபந்தனையிலும் எழுத அவர்களுக்குத் தோன்றவில்லை. அத்தை நேராக மடையடிக்கு வந்து அப்பாவை அண்ணாந்து பார்த்தார்.

"அண்ணே, அன்னைக்குத் துண்ட ஒதறுனது யாரு?"

அப்பா கையிலிருந்த துண்டைக் குனிந்து பார்த்தார்.

"துண்டுல எறும்பு ஏறிருச்சுன்னு ஒதறித் தோள்ல போட்ட. நான் எங்க கரையிலருந்து பாத்தேன். நான் சொன்னா புருசன் ஊருக்குப் பேசுறேம்பாங்க. நீ சொல்லுவ, நீ சொல்லுவன்னு காத்துக் கெடந்தேன். எம் மகன் அங்கிட்டு அருவாளோட நிக்கிறான். இனிமே என்னால முடியாது."

சொந்த ஊருக்குப் பயந்துதான் அப்பா அத்தனை காலம் வாய் திறக்கவில்லை. அன்று அவர் பேசினார். இரண்டு கரைக்கும் கேட்கும்படி கத்தினார்.

"துண்ட ஒதறுனது நாந்தான்! அவங்க முந்தி எறங்கல. எந் துண்டப் பாத்துத்தான் எறங்குனாங்க. தப்பு எம்மேல!"

கத்திய கையோடு எதிர்க்கரையைப் பார்த்துத் துண்டை வீசினார். அத்தை தண்ணீரில் இறங்கினார். மீனைப் பார்க்காமல், சேற்றை மிதித்துக் கண்மாயைக் குறுக்காகக் கடந்துபோய், ஊத்தாவை மாமா கையில் திணித்தார். மாமா இறங்கினார். எங்கள் ஆட்கள் அசையாமல் அவரையே முறைத்தார்கள். அத்தையை மறித்த அதே பெரியவர்தான் கடைசியில் கத்தினார்: "அந்தாள என்னடா பாக்குறீங்க? மீனப் பாருங்கடா, ஓடுது!"

யாரோ சிரித்தார்கள். எல்லோரும் பாய்ந்தார்கள். "இது பிச்ச மீனுடா" என்று லாரிக்காரர் தொண்டை கிழியக் கத்தியது இரைச்சலில் போய்விட்டது. அத்தை மகன் வெகுநேரம் கரையைவிட்டு நகரவில்லை. மாமா சேற்றில் வழுக்கி விழுந்தபோது அரிவாளைப் போட்டுவிட்டு ஓடி வந்து தூக்கினான்.

அதற்குப் பிறகு துண்டு வீசுவது ஒரு வருடம் எங்கள் கரை, ஒரு வருடம் எதிர்க்கரை என்றானது. அப்பாவும் அத்தையும் மாமாவும் இப்போது இல்லை. நாளை மீன்பிடி; இந்த முறை எதிர்க்கரையின் வருடம். வீசப்போகிறவன் அத்தையின் அந்த மகன்தான். எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவிலோ, அந்தச் சண்டையைப் பார்த்தே இராத பையன்கள், நாம் ஜெயித்த கண்மாய், துண்டு நம் கையில்தான் இருக்க வேண்டும், எதிர்க்கரை வீசினால் இறங்க விடமாட்டோம் என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள். என்னிடம் படித்த ஒருவன் இன்று மதியம் போன் செய்தான்.

"டீச்சர், நீங்க நம்ம ஊருதானே?"

"இங்கதான்டா பொறந்தேன். நாளைக்கு எங்க நிக்கிறேன்னு வந்து பாரு."

போனை வைத்துவிட்டுத்தான் ஊத்தாவை இறக்கினேன். அடியில் இரண்டு குச்சிகள் உளுத்திருந்தன. மாற்றிக் கட்டியாயிற்று. நாளை காலை இதை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் ஊர்க் கரையில், எல்லோருக்கும் முன்னால் நிற்பேன். எதிர்க்கரையில் துண்டு வீசியதும் இந்தக் கரையிலிருந்து முதலில் இறங்குவது நான்தான்.